நான்கு அடித் தொலைவு

ஐம்பது வயதைக் கடந்த பங்குக் குரு ஒருவர் கோல்ஃப் ஆடுகிறார் என்று சொன்னால் வாசகர்கள் வியப்படையக்கூடும். ஆலய வளாகத்துச் செடிகளுக்கே கோடையில் தண்ணீர் தேடும் திருச்சிராப்பள்ளிக்காரர்கள் நாம். பரந்த வெளியெங்கும் புல் வளர்த்து ஆடும் அவ்விளையாட்டை நாம் எங்கே கண்டோம்? உதகமண்டலத்திலோ கொடைக்கானலிலோ சுற்றுலாப் பேருந்தின் சன்னல் வழியே அத்திடல்களைப் பார்த்ததோடு நம்மில் பலருடைய அறிமுகம் முடிந்துவிடுகிறது. நான் ஆடுவதும் அந்தப் புல்தரையில் அன்று. உள்ளங்கை அளவே உள்ள கைப்பேசித் திரையில்.

2020-ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் ஆலயக் கதவுகள் அடைபட்டுக் கிடந்தன. மக்களில்லாத பீடத்தில் திருப்பலி நிறைவேற்றிவிட்டு, மாலையில் பங்கு இல்லத்தின் மொட்டை மாடியில் நின்று மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பதே அன்றாட வழக்கமாகியிருந்தது. சிங்கப்பூரில் பணிபுரியும் என் தமக்கை மகன் ஒருநாள் தொலைபேசியில், "மாமா, சும்மா உட்கார்ந்து கவலைப்படாதீங்க. ஒரு விளையாட்டு அனுப்புறேன், ரெண்டு பேரும் ஆடலாம்" என்றான். அப்படி வந்ததுதான் இது. ஊரடங்கு போயிற்று, விளையாட்டு போகவில்லை. வாரந்தோறும் நடைபெறும் இணையப் போட்டிகளில் முகமறியாத பல நாட்டாரோடு ஆடும் நிலைக்கு வந்துவிட்டேன். எல்லாருக்கும் ஒரே திடல், ஒரே காற்று, ஒரே கெடு நேரம். மிகக் குறைந்த வீச்சுகளில் பதினெட்டுக் குழிகளையும் முடிப்பவர் பட்டியலின் உச்சியில் நிற்பார்.

பந்தை நெடுந்தொலைவு பறக்கவிடும் முதல் வீச்சில் நான் சோடை போனதில்லை. கட்டைவிரலைத் திரையில் பின்னுக்கு இழுத்து, முள் நடுக்கோட்டைத் தொடும் கணத்தில் விடுவித்தால் பந்து இருநூற்றைம்பது கஜம் பறந்து சென்று விழும். மணற்குழியையும் நீர்நிலையையும் கடந்துவிடுவேன். குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையை அடைந்த பின்னர்தான் என் துன்பம் தொடங்கும். அங்கே பந்தைப் பறக்கவிடக் கூடாது; மெல்ல உருட்ட வேண்டும். இதனை ஆங்கிலத்தில் 'பட்டிங்' என்பர். தரை எப்பக்கம் சாய்கிறது என்பதைத் திரையில் ஊர்ந்து செல்லும் சிறு புள்ளிகள் காட்டும். கணக்கிடலாம், குறி பார்க்கலாம். ஆனால் நான்கு அடித் தொலைவில் கிடக்கும் பந்து, என் விரல் பட்டதும் குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றுவிடும்.

இதனை அற்பம் என்று தள்ளிவிட இயலாது. கோல்ஃப் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். 1891-ஆம் ஆண்டு முதல் அதுவே நிலையான அளவு. ஒரு திடலுக்குரிய சராசரிக் கணக்கு 72 வீச்சுகள் என்றால், அதில் குழிக்கு இரண்டு வீதம் 36 வீச்சுகள் இந்த உருட்டலுக்கென்றே ஒதுக்கப்பட்டவை; அதாவது சரிபாதி. இருநூற்றைம்பது கஜம் பறந்த வீச்சும் ஒன்று, ஓர் அடி உருண்ட வீச்சும் ஒன்று. கணக்கேட்டில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. வாழ்க்கையின் கணக்கேடும் இப்படித்தான் எழுதப்படுகிறதோ என்ற ஐயம் எனக்கு எழுந்தது. அந்த ஐயத்தின் வழியே சென்றபோது வேறொரு கேள்வியில் வந்து நின்றேன். தவறுதல் என்பது வேறு, தவறு செய்தல் என்பது வேறா? வேறெனில், எதற்காக நாம் வருந்த வேண்டும்?

அதற்கு முன்னர், குருவானவர் விளையாடலாமா என்று கேட்போருக்கும் விடை சொல்லியாக வேண்டும். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியற் பெருநூலில் இக்கேள்வியை எடுத்துக்கொள்கிறார். விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டென்று கூறி, அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அதற்கு 'யூட்ரப்பேலியா' என்று பெயரிடுகிறார். அவர் எடுத்தாளும் பழங்கதை ஒன்றுண்டு. நற்செய்தியாளரான யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல் அடைந்தனராம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவரை யோவான் அம்பெய்யச் சொன்னார். பலமுறை எய்த பின், இடைவிடாது இப்படியே எய்ய இயலுமா என்று வினவினார். இயலாது, வில் முறிந்துவிடும் என்றார் அவர். மனித மனமும் அத்தகையதே என்பது யோவானின் விடை. எனினும் அக்குவினாஸ் அத்தோடு நிறுத்தவில்லை. விளையாட்டில் மிகுதியும் குற்றமாகும், உரிய நேரமும் இடமும் பார்க்க வேண்டும் என்று அடுத்த வரிசையிலேயே எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கையை நான் குருமடத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். மனப்பாடம் செய்ததெல்லாம் மனத்தில் தங்குவதில்லை.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் நம் குடும்பங்கள் பட்ட துயரம் சிறிதன்று. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022-இல் அதற்கெதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பண விளையாட்டுகளைத் தடைசெய்து, திறமையை மட்டும் நாடும் மின்-விளையாட்டுப் போட்டிகளைத் தனியே பிரித்து ஏற்றுக்கொண்டது. என் விளையாட்டில் காசு எதுவும் கைமாறுவதில்லை. ஆகையால் எனக்குக் கேடில்லை என்றே நம்பியிருந்தேன். பணத்தை மட்டுமே பந்தயமாக வைக்க முடியும் என்று எண்ணியது என் பேதைமை.

குறி அருகில் இருக்கும்போது ஏன் கை தவறுகிறது? இக்கேள்வி என் ஒருவனுக்கு உரியதன்று. 1970-இல் ஸ்காட்லாந்தின் புனித ஆண்ட்ரூஸ் திடலில், உலகப் புகழ்பெற்ற 'ஓப்பன்' போட்டியின் இறுதிக் குழியில், டக் சாண்டர்ஸ் என்ற அமெரிக்கர் ஏறத்தாழ மூன்று அடித் தொலைவில் நின்றார். உருட்டினால் வெற்றி. பந்து தவறியது, மறுநாள் நடந்த சமன்முறி ஆட்டத்தில் ஜாக் நிக்லஸிடம் கோப்பையை இழந்தார். 1991-இல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நடந்த ரைடர் கோப்பையில், ஆறு அடித் தொலைவிலிருந்த ஒரே ஓர் உருட்டலைத் தவறவிட்டார் ஜெர்மனியின் பெர்ன்ஹார்டு லாங்கர்; கோப்பை அமெரிக்காவுக்குச் சென்றது. அவரோ 1985-இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றவர்; இத்தோல்விக்குப் பின் 1993-இலும் வென்றவர். உருட்டும் வேளையில் கை தானே வெட்டி இழுக்கும் நடுக்கம் அவரைப் பலமுறை வாட்டியது; ஒவ்வொரு முறையும் மட்டையைப் பிடிக்கும் முறையை மாற்றி மீண்டெழுந்தார். அந்நடுக்கம் சிலருக்கு நரம்பும் தசையும் சார்ந்த குறைபாடு என்றும், சிலருக்கு அச்சத்தின் விளைவு என்றும் மருத்துவ ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

நம் நாட்டிலும் அண்மையில் ஒரு காட்சி கண்டோம். 2020-க்குரிய டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் 2021-இல் நடைபெற்றபோது, ஆகஸ்டு 7-ஆம் நாள், சனிக்கிழமை காலையில், கோல்ஃபின் விதிகளே அறியாத பலரும் தொலைக்காட்சிமுன் அமர்ந்திருந்தனர். பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக் பதக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். உலகத் தரவரிசையில் 200-ஆம் இடத்திலிருந்த அவர் அந்த நான்கு நாட்களும் உருட்டலில் யாவரும் வியக்க ஆடினார். கடைசிக் குழியில் அவருடைய நெடிய உருட்டல் குழியில் விழவில்லை. ஒரே ஒரு வீச்சு வேறுபாட்டில் நான்காம் இடம். அவர் தவறு செய்தார் என்று யாரேனும் சொன்னோமா? சொல்லவில்லை, எழுந்து நின்று கைதட்டினோம்.

இங்கேதான் குருமடத்தில் கற்றது நினைவுக்கு வருகிறது. புதிய ஏற்பாட்டில் பாவத்தைக் குறிக்கும் 'ஹமார்த்தியா' என்ற கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள் குறி தவறுதல் என்பதே. எபிரேயத்தில் பாவம் செய்தலைக் குறிக்கும் 'ஹாத்தா' என்னும் வினைக்கும் அப்பொருள் உண்டு. நீதித் தலைவர்கள் நூலின் 20-ஆம் அதிகாரத்தில், மயிரிழையும் தவறாமல் கவண்கல் எறியும் இடக்கைப் பழக்கமுள்ள எழுநூறு பென்யமின் வீரர்களைப் பற்றிப் படிக்கிறோம். அங்கே 'தவறாமல்' என்பதற்கு ஆளப்படுவது அவ்வினையே. இளங்குருவாக இருந்தபோது இவ்விளக்கத்தை மறையுரைகளில் பெருமிதத்தோடு பலமுறை சொல்லியிருக்கிறேன். பாவம் என்பது குறி தவறுதல். ஆகவே பயிற்சி செய்யுங்கள், குறி தப்பாது என்று முடிப்பேன்.

இன்று அவ்வாறு சொல்ல நாக்கு கூசுகிறது. உவமை ஓரளவுக்குத்தான் வரும். பாவம் வெறும் திறமைக் குறைவு என்றால், அதிதி அசோக்கும் லாங்கரும் பாவிகள். திறமைசாலிகள் எல்லாரும் புனிதர்கள். இக்குழப்பத்தை அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலின் துணையோடு தெளிவாக்குகிறார். கலையில், வேண்டுமென்றே பிழை செய்பவன் அறியாமல் பிழை செய்பவனைவிடச் சிறந்தவன். அவனிடம் திறமை குறைவுபடவில்லை. தச்சன் தன் மகனுக்குக் காட்டுவதற்காக ஆணியைக் கோணலாக அடித்தால் அவன் தச்சுத்தொழிலுக்கு இழுக்கில்லை. அறவாழ்விலோ இது தலைகீழ். அங்கே அறியாமல் தவறியவன் மன்னிக்கத்தக்கவன். வேண்டுமென்றே தவறியவன்தான் குற்றவாளி. நான்கு அடி உருட்டலில் தவறுவது கலையைச் சேர்ந்தது. அதற்காக இரவெல்லாம் புரண்டு படுத்த நான், அறத்தைச் சேர்ந்த தவறு ஒன்றைச் செய்த இரவில் முதலில் அதை உணரவேயில்லை.

அந்த இரவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. போட்டி இரவு பத்தரை மணிக்கு முடிவடையும். என் வாழ்நாளில் முதன்முறையாகப் பட்டியலின் முதற்பக்கத்தில் இடம்பெறும் வாய்ப்பு. பதினாறாம் குழி, பந்து நான்கு அடித் தொலைவில் கிடந்தது. விரலைத் திரையில் வைத்தபோது கைப்பேசி ஒலித்தது. பெயர் தெரிந்தது. எங்கள் பங்கில் நெடுங்காலம் பள்ளி ஆசிரியராக இருந்து, ஓய்வுக்குப் பின் ஸ்ரீரங்கத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்த முதியவர் ஒருவரின் வீட்டு அழைப்பு. அவர் சில வாரங்களாகப் படுத்த படுக்கையாய் இருந்தார். அழைப்பை ஏற்றால் ஆட்டம் குலையும். இன்னும் மூன்றே குழிகள்; முடித்துவிட்டுப் பேசலாம் என்று எண்ணினேன். எண்ணினேன் என்பதுகூட மிகை. கட்டைவிரல் அழைப்பை ஒதுக்கியது. பிறகு உருட்டினேன். பந்து குழியில் விழுந்தது.

அன்று என் விரல் நடுங்கவில்லை. எஞ்சிய இரண்டு குழிகளையும் பிழையின்றி முடித்தேன். இருபது நிமிடம் சென்று திரும்ப அழைத்தபோது மகள் சொன்னார்: "சாமி, அப்பா உங்களப் பாக்கணும்னு சொன்னாங்க. கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் பேசிட்டுத்தான் இருந்தாங்க. இப்போ பேச்சு வரல." குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதுதான் தாங்க இயலாததாக இருந்தது.

எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். காவிரிப் பாலத்தைக் கடக்கையில் வலப்புறம் இருளில் ஆறு கிடந்தது. முன்னே ஸ்ரீரங்கத்தின் இராஜகோபுரம் விளக்கொளியில் நின்றது. நான் சிறுவனாக இருந்தபோது அதனை மொட்டைக் கோபுரமாகவே பார்த்தவன். விசயநகர காலத்தில் அடித்தளம் எழுந்து, ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முற்றுப்பெறாமல் நின்று, 1987-இல் பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயரத்தில் நிறைவெய்தியது. அந்த நானூறு ஆண்டுகளும் முடியாத அந்த வாயிலின் வழியாகவே மக்கள் வழிபடச் சென்றுவந்தனர். அன்றிரவு இதையெல்லாம் நினைக்கும் நிலையில் நான் இல்லை. பின்னர் பலமுறை நினைத்திருக்கிறேன்.

முதியவர் விழித்திருந்தார். என்னைக் கண்டதும் உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை. பாவமன்னிப்பு வழங்கினேன். எண்ணெயில் கட்டைவிரலைத் தோய்த்து அவர் நெற்றியிலும் இரு உள்ளங்கைகளிலும் பூசினேன். அதே கட்டைவிரல். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். விடியற்காலையில் இறைவனடி சேர்ந்தார். அவர் சொல்ல விரும்பியது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நன்றியாக இருக்கலாம், பழைய மனக்குறையாக இருக்கலாம், மகளைப் பற்றிய கவலையாக இருக்கலாம். இறைவனின் இரக்கம் என் இருபது நிமிடத்துக்குக் கட்டுப்பட்டதன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் என் கடமை அந்த இருபது நிமிடத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது.

அமெரிக்காவில் டெவின் போப், மாரிஸ் ஷ்வைட்ஸர் என்னும் இரு ஆய்வாளர்கள், தொழில்முறை ஆட்டக்காரர்களின் 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட உருட்டல்களை அளந்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரே தொலைவிலிருந்து உருட்டும்போதும், சராசரியைவிட ஒரு வீச்சு மிச்சப்படுத்தும் உருட்டலைவிட, தவறினால் ஒரு வீச்சு இழக்க நேரும் உருட்டலில் அவர்கள் கூடுதலாக வெற்றி பெறுகின்றனராம். பெறுவதைக் காட்டிலும் இழக்காதிருப்பதில் மனிதன் கவனமாய் இருக்கிறான். இதைப் படித்தபோது மறைக்கல்வி நினைவுக்கு வந்தது. தண்டனைக்கு அஞ்சி வருந்துவதும் உண்டு. அன்பினால் வருந்தும் உத்தம மனஸ்தாபமும் உண்டு. முதலாவதைத் திருச்சபை இகழ்வதில்லை. எனினும் அது போதுமென்று நிற்பவன் வளர்வதில்லை.

என் பணியைத் திரும்பிப் பார்த்தேன். திருமணப் பதிவேட்டில் பிழை இராது, யாரேனும் கேட்பார்கள். ஆண்டுக் கணக்கில் பைசா குறையாது. மறைமாவட்ட அலுவலகம் பார்க்கும். திருவிழாத் தேர் குறித்த நேரத்தில் புறப்படும், ஊர் பேசும். கேள்வி வரும் இடத்திலெல்லாம் என் குறி தப்பியதில்லை. கேட்பாரற்ற இடத்தில், அன்பு ஒன்றே அழைக்கும் இடத்தில்தான் விரல் தயங்கியது. ஒரு படுக்கையின் அருகில் பத்து நிமிடம் கூடுதலாக அமர்ந்தால் எந்தப் பதிவேட்டிலும் அது ஏறாது. அமராவிட்டாலும் எவரும் குறித்துவைப்பதில்லை. பெரிய வீச்சுகளில் தேர்ந்தவன் நான். மிக அருகில் இருந்த மனிதரிடம் சென்று சேரவில்லை.

இதனை மூத்த குரு ஒருவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிட்டேன். கைப்பேசியைக் காவிரியில் எறியச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அப்படிச் சொல்ல வேண்டுமென்றே விரும்பினேன். எறிந்துவிட்டால் குற்றம் கருவியோடு போய்விடும் அல்லவா? அவர் அவ்வாறு சொல்லவில்லை. "விளையாட்டு இல்லாவிட்டால் அன்றிரவு செய்தித்தாள் உங்களைத் தடுத்திருக்காதா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. அந்த முதியவரின் மகளிடம் சென்று உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதே நான் ஏற்ற தவமுயற்சி. சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பரவாயில்ல சாமி" என்று சொல்லவில்லை. "சொன்னதுக்கு நன்றி சாமி" என்றார். அந்த இரண்டுக்கும் உள்ள தொலைவை நான் நன்கறிவேன்.

இன்றும் ஆடுகிறேன். பிற்பகலில், அரைமணி நேரம். அழைப்புகளுக்கான கைப்பேசி வேறு, விளையாட்டுக்கானது வேறு. நான்கு அடி உருட்டல்கள் இன்றும் தவறுகின்றன. தமக்கை மகன், "என்ன மாமா, இன்னும் பழகலையா?" என்று சிரிக்கிறான். நானும் சிரித்துக்கொள்கிறேன். பந்து விளிம்பைச் சுற்றி வெளியே நிற்கும்போது முன்போல் உள்ளம் எரிவதில்லை. அது கலையில் நேரும் பிழை. தூக்கத்தைக் கெடுக்கும் தகுதி அதற்கில்லை.

தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது எது என்று இப்போது தெரிகிறது. நம்மில் பலர் தவறிய பந்துகளுக்காக வருந்தி, தவறவிட்ட மனிதர்களை மறந்துவிடுகிறோம். மகனின் மதிப்பெண்ணில் குறைந்த இரண்டுக்காக வாரம் முழுதும் கலங்கும் தந்தை, அம்மகன் இரவில் ஏதோ சொல்ல வந்து திரும்பிப்போனதை நினைப்பதில்லை. இரண்டு வருத்தங்களும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதே இடர். ஒவ்வோர் இரவும் படுக்கைக்குச் செல்லும்முன் ஆன்ம சோதனை செய்யும்போது, இன்று எங்கே தவறினேன் என்று மட்டும் கேட்டு நான் நிறுத்துவதில்லை. என் விரல் யாரை ஒதுக்கியது என்றும் கேட்டுக்கொள்கிறேன். சில இரவுகளில் ஒரு பெயர் வருகிறது. அப்போது மணி பார்க்கிறேன்; நேரம் இருந்தால் அன்றே அழைக்கிறேன்.